லண்டனில் என்னை நடக்க வைத்த மஞ்சள் பட்டிப் பலகைகள்

லண்டனுக்கு வந்த முதல் வருடம் நான் நடக்கவே இல்லை. எங்கே போனாலும் சுரங்க ரயில்தான். லெஸ்டர் ஸ்கொயரில் ஏறி, அடுத்த நிலையமான கோவென்ட் கார்டனில் இறங்குவேன். நடுவில் 260 மீட்டர்தான், சுரங்க ரயிலில் அதைவிடக் குறைந்த தூரம் வேறெங்கும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சுரங்க ரயில் வரைபடம் 1933இல் ஹாரி பெக் வகுத்த முறையில் வரைந்தது. எங்கே ரயில் மாறுவது என்று பார்க்க அருமையான படம், ஆனால் தூரத்துக்கு அதில் கணக்கே கிடையாது. அதை வைத்து ஊரைப் பழகியவனுக்கு எது பக்கம், எது தூரம் என்று எப்படித் தெரியும்?

என்னைத் தெருவில் இறக்கியவை, நடப்பவர்களுக்கு வழிகாட்டும் ‘லெஜிபிள் லண்டன்’ பலகைகள். 2007இல் பாண்ட் ஸ்ட்ரீட் பக்கம் சோதனையாக நட்டு, பிறகு நகரின் பல பகுதிகளுக்குப் பரப்பினார்கள். ஆளைவிட உயரமான கருநீலப் பலகை, உச்சியில் மஞ்சள் பட்டி, அதில் நடந்துபோகும் மனித உருவம். பன்னிரண்டு வருடமாக இவற்றைப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

பலகையில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் ஐந்து நிமிட நடைக்குள் வரும் தெருக்கள், மற்றதில் பதினைந்து நிமிடத் தொலைவு வரை. மீட்டர் சொன்னால் எனக்கு மனதில் ஏறாது. ஐந்து நிமிடம் என்றால் கால் தானாகக் கிளம்பிவிடும். இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேனோ, அதுதான் படத்தின் மேல்பக்கம். பலகையைச் சுற்றிப் பின்னால் போனால் அதே வட்டாரம் தலைகீழாகத் திரும்பியிருக்கும். வடக்கு எங்கே என்று தேடவே வேண்டாம்.

இதன் அருமை செவன் டயல்ஸ் என்ற சந்திப்பில் தெரியும். நடுவில் நிழற்கடிகாரத் தூண், அதைச் சுற்றி ஏழு தெருக்கள். (தெரு ஏழு என்றாலும் தூணில் கடிகாரம் ஆறுதான்.) எல்லாத் தெருவும் ஒரே சாயல். போனை எடுத்தால் நீலப் புள்ளி கட்டடங்களுக்கு நடுவே தடுமாறும். வரும் வழியில் உள்ள பலகையிலேயே ‘இடமிருந்து மூன்றாவது தெரு’ என்று எண்ணி வைத்துக்கொண்டால் ஒரு சிக்கலும் இல்லை.

என் அத்தான் சக்கர நாற்காலியில் இருப்பவர். லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் இரண்டு நிலையமும் அவருக்கு உதவாது, படியே இல்லாமல் தெருவிலிருந்து ரயில் வரை போகும் வழி அங்கே இல்லை. அதனால் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி, மிச்சத்தைத் தெருவிலேயே போவோம். ஒருமுறை பிக்காடில்லியிலிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குக் கிளம்பினோம். வாட்டர்லூ பிளேஸ் வழியாக நேராகப் போய்விடலாம் என்றேன். அவர் பலகையில் ஓரிடத்தில் விரல் வைத்தார். நெருக்கமாகச் சின்னச் சின்னக் கோடுகள், டியூக் ஆஃப் யார்க் படிகள். “மச்சான், இது எனக்கில்லை” என்று சொல்லிவிட்டு, டிரஃபால்கர் ஸ்கொயர் சுற்றி வரும் வழியை அவரே எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே படிக்கும் உயரத்தில் படம் இருந்தது. அன்று வழி சொன்னது அவர், பின்னால் போனது நான்.

குறையும் இருக்கிறது. ஐந்து நிமிடம் என்பது கால் உள்ளவர் கணக்கு. கோவென்ட் கார்டனில் கல் பாவிய தரையில் அத்தானின் சக்கரங்கள் குதித்துக் குதித்து நகர்ந்தன, நேரமும் இரட்டிப்பானது. ஏற்றம் எவ்வளவு, தரை எப்படி என்று பலகை சொல்வதில்லை.

சைக்கிளுக்கு நிலைமை வேறு. 2010இல் வந்த வாடகை சைக்கிள் நிறுத்தங்களிலும் இதே படம்தான், அடுத்த நிறுத்தம் எங்கே என்பதும் அதில் தெரியும். கிளம்பும்வரை நல்லது. ஓட்டும்போது நின்று படிக்க முடியுமா? கம்பத்தில் உள்ள சின்னக் கைகாட்டிகளை நம்ப வேண்டும். ஒரு திருப்பத்தில் மரக்கிளை கைகாட்டியை மறைத்திருக்க, நான் லாரிகள் ஓடும் பெரிய சாலையில் போய் மாட்டிக்கொண்டேன். அன்று கை நடுங்கியது. திருப்பத்துக்கு முன்னால் ஒன்று, திரும்பிய பிறகு ‘சரியான வழிதான்’ என்று சொல்ல இன்னொன்று, இரண்டும் கட்டாயம் வேண்டும்.

போன மாதம் அத்தான் முதல்முறையாகத் தனியாக டிரஃபால்கர் ஸ்கொயர் வரை போய்வந்தார். வழியில் ஒரு பலகையைப் படம் பிடித்து அனுப்பினார். நடைபாதை விளிம்பில் சரிவு இல்லாத ஓரிடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, கீழே எழுதியிருந்தார்: “இதையும் படத்தில் போடச் சொல்லு.”