"ஃபான்ட்டை நீங்களே வாங்கிடுங்க, கடைசி பில்லில் சேர்த்துக்கலாம்": இப்படிச் சொல்பவரிடம் உஷார்

தனியாக ஆர்டர் பிடித்து டிசைன் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த ஒரு ஃபான்ட்டின் பெயரைச் சொல்லி, தலைப்பில் உள்ள வாக்கியத்தையும் ஒருவர் சொன்னால், பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வாக்கியத்தை நான் மெசேஜில் எழுத்தாகவே வாங்கி வைத்திருந்தேன். அப்படியும் பணம் வரவில்லை.

வந்தவர் புது பிராண்ட் ஒன்றுக்கு லோகோ, பெயர்ப்பலகை, லேபிள் கேட்டார். கையில் ஒரு ஸ்கிரீன்ஷாட். வேறொரு பிராண்டின் லேபிளில் இருந்த, சுழிகள் நிறைந்த ஆங்கில ஸ்கிரிப்ட் ஃபான்ட், அதாவது கையெழுத்து மாதிரி இருப்பது. அதுவேதான் வேண்டும் என்றார். அந்த ஃபான்ட்டில் ஒவ்வொரு வெயிட்டுக்கும் (எழுத்தின் தடிமனுக்கும்) தனி விலை. அவர் ஆசைப்பட்ட நீண்ட சுழிகள் இருந்த பதிப்புக்கு அதற்கும் மேலே.

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து சில மாற்றுகளைக் காட்டினேன். அங்கே பெரும்பாலானவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. லோகோ, அச்சு, வெப்சைட் எதற்குப் பயன்படுத்தினாலும் காசு இல்லை. ஃபான்ட் ஃபைலைத் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். "ஓசி ஃபான்ட்னு பார்த்தாலே தெரியுது சார்" என்றார். 1957இல் வந்த ஹெல்வெட்டிகாவையும் 1982இல் அதே எழுத்து அகலத்தில் செய்த ஏரியலையும், இந்த இரண்டு ஃபான்ட்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர்கள்கூட, ஸ்கிரிப்ட் என்று வந்துவிட்டால் ஒரு சுழியை விட்டுத்தர மாட்டார்கள். சரி, ரசனை அவருடையது என்று விட்டுவிட்டேன்.

டிசைனுக்கு அட்வான்ஸ் தந்தார். ஃபான்ட் பணம் மட்டும் கடைசியில். நான் வாங்கினேன், என் பெயரில். இறக்கிய ஃபான்ட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை; அது அவருக்கும் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

பெயரை அமைத்தபோது நடுவில் இரண்டு எழுத்துகள் ஒட்டாமல் நின்றன. ஃபான்ட்டிலேயே அந்த இணைப்பு இல்லை. கையால் ஒரு கோடு வரைந்து சேர்த்தேன், இடைவெளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ப்ரூஃப், அதாவது பார்த்து ஓகே சொல்வதற்கான மாதிரி, அனுப்பும் நேரத்தில், "போர்டு செய்பவர் அளவு பார்க்கணும், பிடிஎஃப்பாகவே அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு பதில்: பார்ட்னருக்குப் பிடிக்கவில்லை, வேலை கேன்சல்.

ஃபான்ட் பணத்தைக் கேட்டபோது அவர் சொன்னதைக் கவனியுங்கள். "ஃபான்ட் உங்க கம்ப்யூட்டரில்தானே இருக்கு? நாளைக்கு வேற வேலைக்கும் போட்டுக்குவீங்க. அதுக்கு நான் ஏன் காசு தரணும்?" கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். ஆனால் இதே ஆள் ப்ரூஃபுக்கு முன்னால், "நாங்கதானே காசு தரப்போறோம், ஃபான்ட் ஃபைலை அனுப்புங்க, வெப்சைட்டிலும் போடணும்" என்று கேட்டு நச்சரித்தவர். ஃபைல் வேண்டும் என்றால் ஃபான்ட் அவருடையது, பணம் என்றால் என்னுடையது.

நல்லவேளையாக ஃபைலை நான் கொடுக்கவில்லை. வாங்கியிருந்தது டெஸ்க்டாப் லைசென்ஸ், அதாவது கம்ப்யூட்டரில் போட்டு டிசைன் செய்வதற்கான அனுமதி. பொதுவாக வெப்சைட்டுக்குத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும், பக்கத்தை எத்தனை முறை பார்க்கிறார்கள் என்பதை வைத்துக்கூட விலை போடுவார்கள். ஆப் என்றால் அது இன்னொன்று. ஃபைலை அடுத்தவருக்குக் கொடுத்து அது ஏதாவது தளத்தில் தெரிந்தால், ஃபான்ட் நிறுவனம் தேடி வருவது லைசென்ஸில் பெயர் உள்ள ஆளைத்தான். பிரஸ்காரருக்கு ஃபான்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால் அதுவும் சாக்கு. எழுத்தை கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றிக் கொடுத்தால் அவருக்கு ஃபான்ட்டே தேவையில்லை.

அந்த பிடிஎஃப்பில் எழுத்துகள் கர்வ்ஸாகத்தான் இருந்தன. அதாவது இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போன்ற டிசைன் சாஃப்ட்வேரில் திறந்தால் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். பெயர்ப்பலகை ஏறிவிட்டது. நான் கையால் சேர்த்த இணைப்புக் கோடு அப்படியே அதில் இருக்கிறது. அந்த ஃபான்ட்டை வேறு யார் வாங்கித் தட்டினாலும் அது வராது. போட்டோ எடுத்து இன்வாய்ஸோடு அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை.

இப்போதெல்லாம் கொட்டேஷனோடு அந்த ஃபான்ட் விற்கும் பக்கத்தின் லிங்க்கை அனுப்பிவிடுகிறேன். வாடிக்கையாளரே தன் பெயரில் வாங்கி, ரசீது அனுப்பிய பிறகுதான் வேலை தொடங்கும். சில லைசென்ஸ்கள் டிசைனருக்கும் தனியாக வாங்கச் சொல்லும். அதை முன்கூட்டியே வாசித்து, அந்தத் தொகையையும் அட்வான்ஸிலேயே கேட்டுவிடுங்கள். "உங்ககிட்டதான் அடோபி சந்தா இருக்கே" என்பார்கள். அந்தச் சந்தாவோடு வரும் அடோபி ஃபான்ட்ஸை வைத்து லோகோ செய்து கொடுக்கலாம், ஃபைலைக் கொடுக்க முடியாது. அவர்களே அதில் டைப் செய்ய வேண்டுமென்றால் சந்தாவும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஃபான்ட்டின் டெமோ ஃபைலை (இலவச மாதிரியை) எங்கிருந்தோ கொண்டுவந்து "இதிலேயே முடிச்சிடுங்க" என்பவர்களும் உண்டு. பல டெமோக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும், சிலவற்றில் எண்களும் நிறுத்தற்குறிகளுமே இருக்காது.

பணம் முழுதாக வரும்வரை ப்ரூஃப் சின்ன ஜேபெக்காக, குறுக்கே வாட்டர்மார்க்கோடு மட்டும் போகட்டும். போர்டுக்கு அளவு வேண்டுமென்றால் நீளத்தையும் உயரத்தையும் மெசேஜில் எழுதி அனுப்பினால் போதும்.