ரூகர் எல்.சி.ஆர். .38: குர்த்திக்குள் ஒன்றரை வருடம்

ஹூஸ்டன் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறோம். இரவு 9 மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கல்லாப் பணத்தோடு காருக்கு நடப்பது பெரும்பாலும் நான்தான். பக்கத்துக் கடைக்காரரை அதே பார்க்கிங்கில் மடக்கிப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் உடன் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கைத்துப்பாக்கியைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் போன கடையில், என்னைப் பார்த்ததுமே விற்பனையாளர் இருப்பதிலேயே லேசான ரிவால்வரை எடுத்து நீட்டினார். ஸ்கேண்டியம் கலந்த சட்டம் (துப்பாக்கியின் உடற்கூடு), டைட்டானியம் சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை), எல்லாம் சேர்ந்து 330 கிராம் பக்கம்தான். பெண்களுக்கு இதுதான் சரி என்றார். கையில் வாங்கினால் பொம்மை மாதிரி இருந்தது. அன்றே வாங்கியிருப்பேன். "வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்று என் வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

சுடுதளத்தில் அதே ரகம் வாடகைக்கு இருந்தது. அதில் இன்னும் பலமான .357 மேக்னம் தோட்டாவும் போடலாம், நான் வழக்கமான .38ஐவிடக் கொஞ்சம் அழுத்தம் கூடிய .38 ஸ்பெஷல் பிளஸ் பி தோட்டாவோடு நிறுத்திக்கொண்டேன். முதல் வெடியிலேயே கட்டைவிரல் அடியில் சுளீர் என்றது. நாலாவது வெடிக்குப் பிறகு விசை நகரவே இல்லை. அங்கே வேலை பார்த்த பெரியவர் வந்து பார்த்தார். ஐந்தாவது தோட்டாவின் ஈயம் தன் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டருக்கு வெளியே நெல்மணி அளவு நீட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கி இவ்வளவு லேசாக இருந்தால் உதை வெடுக்கென்று பின்னால் இழுக்கும். தோட்டாவின் கூடு கூடவே போய்விடும், கனமான ஈயம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். பார்க்கிங்கில் அப்படிச் சிக்கிக்கொண்டால் அது வெறும் இரும்புத் துண்டு, அதுவும் லேசான துண்டு.

அன்றைக்கே இன்னும் இரண்டை எடுத்துச் சுட்டேன். ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. அதே கம்பெனியின் 1950இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் ரிவால்வரின் வாரிசு. அலுமினியக் கலவைச் சட்டம், சுமார் 410 கிராம், ஐந்து தோட்டா. இன்னொன்று 2009இல் வெளிவந்த ரூகர் எல்.சி.ஆர். இதில் சட்டத்தின் மேல்பாதி அலுமினியம், விசை இருக்கும் கீழ்ப்பாதி பாலிமர். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 384 கிராம். தோட்டா போட்டாலும் அரைக் கிலோ துவரம்பருப்பைத் தாண்டாது.

இரண்டிலும் வெளியே சுத்தியல் கிடையாது, துணியில் மாட்டாது. ஒவ்வொரு முறையும் விசையை முழுசாக இழுத்துத்தான் சுட வேண்டும். என் தீர்ப்பு அந்த இழுப்பில்தான் முடிவானது. எனக்கு வலது கை விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு. குளிர்காலத்தில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே ஆள் தேட வேண்டும். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியாமல்தான் ரிவால்வர் பக்கமே வந்தேன். எல்.சி.ஆரில் உராய்வைக் குறைக்க கேம் (cam) என்ற வளைந்த பாகத்தோடு ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை இழுப்பு ஒரே சீராகப் போகிறது. என் விரலுக்கு இதுதான் ஒத்துவந்தது. நல்ல விரல் உள்ளவர்கள் 642 வாங்கினாலும் ஏமாற மாட்டார்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடு. பாக்கெட் ரிவால்வர் என்று சொல்பவர்கள் பெண்களின் ஜீன்ஸ் பாக்கெட்டைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அதில் சாவிக்கொத்தே முழுசாக இறங்காது. சல்வார் நாடா இந்த எடையைத் தாங்காது, பத்தடி நடப்பதற்குள் ஒரு பக்கம் இறங்கிவிடும். கைப்பையில் வைக்கலாம் என்றால், திருடர்கள் முதலில் பிடுங்குவதே கைப்பையைத்தான். கடைசியில் கெட்டியான பெல்ட், இடுப்புக்கு உட்புறமாகச் செருகும் உறை, மேலே தொளதொள குர்த்தி. உறை எதுவானாலும் விசையை முழுசாக மூட வேண்டும். தவறிச் சுடாமல் தடுக்க இதில் தனியாகப் பூட்டுக் குமிழ் எதுவும் கிடையாது.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தகுதியுள்ள 21 வயது தாண்டியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம். நான் வகுப்புக்குப் போய் உரிமமும் வாங்கினேன். அதற்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கெஜத்தில் மொத்தம் 50 வெடி; 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நான் 203. விட்டதெல்லாம் 15 கெஜத்தில்தான். இரண்டங்குலம்கூட இல்லாத குழலுக்கு அது தூரம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் வாங்க முடியாது. எனக்கும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வழி திறந்தது. பூட்டி வைக்காமல் விட்டு, தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம். துப்பாக்கியோடு சேர்த்துப் பூட்டுப் பெட்டியையும் வாங்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு முனை தட்டையான 148 கிரெயின் (ஈயத்தின் எடை) வாட்கட்டர் தோட்டா போதும், உதை தாங்கும்படி இருக்கும். தினமும் இரவு பத்து நிமிடம் போலித் தோட்டா போட்டு, முன் குறிமுனை மேல் 25 சென்ட் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுகிறேன். முதல் மாதம் நாணயம் தரையில்தான் கிடந்தது. குறிமுனை அந்தி வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்று மகளின் ஆரஞ்சு நகப்பூச்சை அதில் தடவினேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

குறை என்றால் ஐந்தே தோட்டா. தோட்டாக்களைச் செருகி வைக்கும் பட்டையில் இன்னொரு ஐந்து வைத்திருக்கிறேன், ஆனால் பதற்றத்தில் என் விரல் அதை வேகமாகப் போடும் என்று நம்பவில்லை. அப்புறம் மாதம் ஒரு முறையாவது பிரித்துத் துடைக்க வேண்டும். போன ஞாயிறு சிலிண்டரைத் திறந்தால், வெற்றுக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ. முகர்ந்து பார்த்தேன். இடியாப்ப மாவு.