மாஸ்டடானா, புளூஸ்கையா?

இரண்டுமே ட்விட்டர் (இப்போது எக்ஸ்) போலச் சிறு பதிவுகள் போடும் சமூக வலைத்தளங்கள். மாஸ்டடான் பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களால் ஆனது; அதில் எந்த சர்வரில் சேருவது என்ற கேள்வியிலேயே பலர் தயங்கிவிடுகிறார்கள். புளூஸ்கையில் மின்னஞ்சலைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். பதிவுக்கு அங்கே 300 எழுத்து, மாஸ்டடானில் வழக்கமாக 500.

ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது வெளியேறும் வழியை. மாஸ்டடானில் சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. வருஷக்கணக்கில் எழுதியவருக்கு அது பெரிய இழப்பு. புளூஸ்கை இயங்கும் தொழில்நுட்ப விதிமுறையான ஏடி புரோட்டோகால் பதிவுகளையும் எடுத்துச்செல்ல விடுகிறது. சொந்த டொமைனையே பயனர் பெயராக வைக்கலாம். சரி, அப்போது புளூஸ்கைதானே? வடிவமைப்பில் ஆம். நடைமுறையில் பெரும்பாலான கணக்குகள் புளூஸ்கை என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. 2016இல் வந்த மாஸ்டடான் ஆயிரக்கணக்கான சர்வர்களில் பரவியிருக்கிறது. ஒன்று மூடினாலும் மற்றவை ஓடும். என் ஓட்டு அதற்கே. பழைய பதிவுகளை மட்டும் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.