ரோமானிய வரிமேட்டுக் கிண்ணப் பிரதிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களில் பார்த்ததும் அடையாளம் தெரிவது, வெளிப்புறம் செங்குத்து மேடுகள் ஓடும் அகன்ற வரிமேட்டுக் கிண்ணம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் தொடங்கி கி.பி. 1ஆம் நூற்றாண்டு முழுக்கப் புழங்கியது. பிரிட்டன் முதல் அரிக்கமேடு வரை உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. இன்று விற்கும் பிரதிகளுக்குள் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். அசல் கிண்ணங்களில் வெளிப்பக்கத்து மேடுகள் தீயில் இளகிய பளபளப்போடு இருக்கும். உள்பக்கமும் விளிம்பின் வெளிப்புறமும் சுழற்றித் தேய்த்து மெருகிட்டவை. வட்டவட்டமாக மெல்லிய கீறல் தெரியும். பலவற்றில் உள்ளே ஒன்றிரண்டு வெட்டு வளையங்களும் உண்டு. இளகிய வட்டமான கண்ணாடித் தகட்டில் கருவியால் மேடுகளைக் கிள்ளி எழுப்பி, கவிழ்த்த அச்சின்மேல் தொய்யவிட்டால் அச்சைத் தொட்ட பக்கம் சொரசொரப்பாகும், தேய்க்காமல் தீராது. இங்கிலாந்தின் கண்ணாடிக் கலைஞர்கள் மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் இந்த வழியில் செய்துகாட்டியிருக்கிறார்கள். மேடுகளின் இடைவெளி சற்றே முன்பின் இருப்பதும் கைவேலையின் அடையாளம். எல்லா மேடும் ஒரே அளவு, பக்கவாட்டில் அச்சு இணைந்த கோடு என்றால் அது இயந்திர வார்ப்பு. கைவினை விலை கொடுக்காதீர்கள்.

லேசான நீலப்பச்சை சரியான நிறம். மணலிலிருந்த இரும்பு தந்தது. நிறத்தைப் போக்க ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தார்கள். சிறு குமிழிகள் குறையல்ல.

வானவில் பூச்சு போட்டவற்றை அறவே தவிர்க்கச் சொல்வேன். அசலில் அந்த மினுமினுப்பு, மண்ணுக்குள் ஈரம் கண்ணாடியிலுள்ள காரப்பொருளை அரித்தெடுத்ததால் மேற்பரப்பில் உண்டான மெல்லிய அடுக்குகளால் வருவது. தொட்டால் செதில் செதிலாக உதிரும். அது கண்ணாடியின் சிதைவு. ரோமானியர் மேசையில் இருந்த கிண்ணம் அப்படி மின்னவில்லை. பூச்சு உணவுக்கு ஏற்றது என்று விற்பவர் உறுதி தராவிட்டால் அதில் எதையும் பரிமாறாதீர்கள்.

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலராய்டு தாள்களுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டித் தாள்கள்) நடுவே கிண்ணத்தைப் பிடித்து, பின்னாலிருந்து வெளிச்சம் விடுங்கள். மேடுகளின் அடியில் பளிச்சென்று வெள்ளைத் திட்டுகளோ வண்ணப் பட்டைகளோ தெரிந்தால் உலையில் மெதுவாக ஆறவிடவில்லை என்று பொருள். தடித்த மேடும் மெல்லிய சுவரும் ஒரே வேகத்தில் குளிராததால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடலாம்.

நன்றாக ஆறவிட்டதானாலும் கொதிக்கும் குழம்பு ஊற்றக்கூடாது. பழம், சாலட், குளிர்ந்த இனிப்புக்கு அருமையான கிண்ணம். வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுங்கள்.