கறிவேப்பிலைக்குக் குளிர்கால வெளிச்சம்: கோர்த்துப் பூட்டும் எல்இடி லைற்றுகள்

ரொறன்ரோவில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு ஒக்ரோபர் வந்தாலே கவலைதான். இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் சாடியை உள்ளே தூக்கிவிட வேண்டும். ஒருநாள் உறைபனி பட்டாலே குருத்து கருகிவிடும். ஆனால் உள்ளே கொண்டுவந்த பிறகும் கன மரங்கள் ஜனவரிக்குள் மொட்டையாகிவிடுகின்றன. குளிரிலிருந்து காப்பாற்றிவிட்டோமே, பிறகு ஏன் இலை கொட்டுகிறது என்று கேட்காத வீடு ஸ்காபரோவில் குறைவு. தண்ணீர் கூடிவிட்டது, உரம் காணாது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வெளிச்சம்தான்.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணிநேரம்கூட இல்லை. நடுப்பகலிலும் சூரியன் தாழவேதான் நிற்கும். அதிலும் பாதி நாள் மப்பு. தெற்குப் பார்த்த யன்னல் ஓரத்தில் மப்பான ஒரு மத்தியானம் கைபேசிச் செயலியால் வெளிச்சத்தை அளந்தபோது ஆயிரத்து ஐந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) காட்டியது. வெயிலில் நிற்கிற ஒரு மரம் ஓகஸ்டில் எண்பதாயிரம், ஒரு லட்சம் லக்ஸ் வாங்கிக்கொண்டிருந்திருக்கும். அதைக் கொண்டுவந்து இந்த யன்னலில் வைத்தால் அது இலையை உதிர்க்காமல் என்ன செய்யும்?

நான் இங்கே எழுதப்போவது இரண்டடி நீள எல்இடி லைற்றுகளைப் பற்றி. ஒரு பெட்டிக்குள் எட்டு வரும். ஒவ்வொன்றும் பத்து வாட். ஒன்றின் நுனியில் அடுத்ததைக் கோர்த்துக்கொண்டே போகலாம். இடையில் வளைவு வேண்டுமென்றால் குட்டையான இணைப்பு வயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே ஒரு பிளக். கம்பனியின் பெயரை நான் போடவில்லை. ஏறக்குறைய இதே பொருள் பல பெயர்களில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னுடைய மரம் நெஞ்சு உயரம். பேஸ்மென்ற்றில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்து மூலையில் நிற்கிறது. அந்தப் பக்கம் யன்னலே கிடையாது. மேலே சீலிங் போடாதபடியால் மரச்சட்டங்கள் தெரியும். அதிலே சங்கிலி கொழுவி நான்கு லைற்றை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். இன்னும் இரண்டை மரத்துக்கு இடமும் வலமுமாகச் சுவரிலே நெடுக்காகப் பூட்டியிருக்கிறேன். மிச்சம் இரண்டும் பக்கத்து இறாக்கையில், ஒன்று கற்பூரவள்ளிக்கு, ஒன்று வெற்றிலைக்கு.

இந்த நெடுக்காகப் பூட்டிய இரண்டுக்காகவே இந்தப் பொருளை நான் விரும்புகிறேன். மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் உச்சி இலைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கீழே நிழல் போட்டுவிடும். கீழ்க்கிளையில் இலை மஞ்சளாகி உதிரும். கடைசியில் நீளக் கம்பும் உச்சியில் ஒரு கொத்தும்தான் மிஞ்சும். பலகை மாதிரி அகலமாக வருகிற பெரிய வளர்ப்பு லைற்றுகள் எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும் ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். தட்டில் கீரை வளர்க்க அது சரி. உயரமான ஒரு மரத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் வேண்டும். துண்டு துண்டாக இருப்பதன் உண்மையான பயன் அதுதான்: லைற் இருக்கிற இடத்துக்கு மரத்தை வளைக்கத் தேவையில்லை, மரத்தின் உருவத்துக்கு லைற்றைப் பிரித்து வைக்கலாம். போன குளிர்காலம் முழுக்க இடுப்பளவில் இருந்த கிளைகளில் இலை நின்றது. அதற்கு முன் அந்தக் கிளைகள் டிசம்பர் தாண்டியதே இல்லை.

தூரம் எவ்வளவு என்று கனபேர் கேட்பார்கள். மேல் வரிசையிலிருந்து ஒரு சாண் கீழே, கிட்டத்தட்ட இருபது சென்ரிமீற்றரில், எனக்குப் பன்னிரண்டாயிரம் லக்ஸ் அளவில் காட்டுகிறது. இரண்டு மடங்கு தூரம் போனால் பாதிக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது. தனிக் குமிழ் என்றால் இரண்டு மடங்கு தூரத்தில் காற்பங்காகக் குறைந்துவிடும். நீளமான லைற்றுகளை வரிசையாக வைத்தால் அவ்வளவு வேகமாகக் குறையாது. இருந்தாலும் சீலிங்கிலே ஒட்டவைத்துவிட்டு மரம் வளரவில்லை என்று சொல்லக்கூடாது. சங்கிலியில் தொங்கவிடுவதே மரம் உயர உயரக் கண்ணி கண்ணியாக ஏற்றத்தான்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கான கணக்கு வேறு: ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு விழுகிற ஒளித்துகள்களை மைக்ரோமோலில் சொல்வார்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை எழுபதால் பிரித்தால் அந்த எண் ஓரளவு வந்துவிடும். பன்னிரண்டாயிரம் லக்ஸ் என்றால் நூற்றெழுபது மைக்ரோமோல். அதைப் பன்னிரண்டு மணிநேரம் எரிய விட்டால் நாளொன்றுக்கு ஏழு மோலுக்கு மேலே வருகிறது (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). வெளியே நல்ல வெயில் நாளில் மரத்துக்கு நாற்பது மோல்வரை கிடைக்கும். ஆகவே இந்த எட்டு லைற்றும் கோடையைக் கொண்டுவந்து தரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இலையைத் தாங்கி வைக்கும், மாதத்துக்கு ஒன்றிரண்டு குருத்து வரும், தாளிதத்துக்கு ஆய்வதற்குக் காணும். எனக்கு அது போதும்.

அம்மா முதலில் நம்பவில்லை. "லைற் வெளிச்சத்தில வளர்ந்த இலை மணக்குமோ?" என்று கேட்டார். ஒரு நெட்டை முறித்து, உள்ளங்கையில் கசக்கி மணந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஆனா ரண்டு நெட்டு கூடப் போட வேணும்" என்றார். அவர் சொன்னது சரி. குளிர்கால இலை கொஞ்சம் மெல்லிசு, மணமும் ஒரு படி குறைவு. ஆனால் கடையில் பைக்குள் வாடிக் கிடக்கிற இலையைவிட எவ்வளவோ மேல்.

நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வளர்ப்பு லைற் என்றாலே ஊதாவும் இளஞ்சிவப்புமாக எரிகிறதுதான் என்று இன்னும் நினைக்கிறார்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும். அதனால் அந்த இரண்டை மட்டும் வைத்து ஆரம்பத்தில் செய்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015இல் விண்வெளி வீரர்கள் சாப்பிட்ட சிவப்பு லெற்றியூஸ்கூட அப்படி இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் வளர்ந்ததுதான். ஆனால் பச்சை ஒளி வீண் என்பது சரியல்ல. அது மேல் இலையை ஊடுருவிக் கீழ் இலைவரை போகிறது, அங்கே வேலையும் செய்கிறது. இப்போது வெள்ளை எல்இடி மலிந்துவிட்ட பிறகு வீட்டுக்கு ஊதா லைற் வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையை விரும்ப எனக்கு அதைவிட முக்கியமான காரணம் பூச்சி. ஹீற்றர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் காற்று காய்ந்துவிடும், உடனே சிலந்திப்பேன் வரும். இலையின் மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியது மாதிரி வெளிறிய புள்ளிகள் விழும். இலையைத் திருப்பினால் நடு நரம்பின் இரு பக்கமும் மா தூவினாற்போல இருக்கும். ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக்கொண்டு நெட்டைத் தட்டினால், விழுந்த தூசியில் சிலது நடக்கும். இதெல்லாம் வெள்ளை வெளிச்சத்தில்தான் தெரியும். ஊதா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளா, புள்ளியா, பூச்சியா ஒன்றும் பிடிபடாது. கண்டவுடனே மரத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி தண்ணீரை அடித்துக் கழுவுவேன். வாரம் ஒருக்கா அப்படிச் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரண்ட் செலவு பெரிதில்லை. எட்டும் சேர்த்து எண்பது வாட். பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒரு யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைவு, மாதத்துக்கு இருபத்தொன்பது யூனிற். ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு வாரநாளில் இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை மலிவு. யன்னல் இல்லாத மூலையில் மரத்துக்குப் பகல் எது, இரவு எது என்பதை ரைமர்தான் தீர்மானிக்கிறது. அதனால் என் மரத்துக்குச் சாயங்காலம் ஏழுக்கு விடிகிறது. குளிர் கூடிய நேரத்தில் லைற் எரிவதால் அந்த மூலையில் கொஞ்சம் சூடும் நிற்கிறது. யன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறவர்கள் இப்படிச் செய்யக்கூடாது. பகல் வெளிச்சமும் பட்டு இரவு லைற்றும் பட்டால் மரத்துக்கு இருட்டே கிடைக்காது.

பெட்டியோடு வந்த ரைமர் சரியில்லை. கரண்ட் ஒருமுறை நின்று வந்தால் நேரத்தை மறந்துவிடுகிறது. தனியாக ஒரு சாதாரண ரைமரை வாங்கிச் சுவரில் போடுவது நல்லது. ஒட்டுவதற்குத் தந்த இரட்டைப் பக்க ரேப்பும் அப்படித்தான், ஈரப்பதமான பேஸ்மென்ற்றில் ஒரு மாதம் தாங்காது. ஸ்குறூ வைத்துப் பூட்டுகிற கிளிப்பும் உள்ளே இருக்கும். அதையே பாவியுங்கள்.

இன்னொரு குறை பயப்பட வேண்டிய குறை. இந்த லைற்றுகளின் இரண்டு நுனியிலும் துளைதான் இருக்கிறது. ஆகவே இணைப்பு வயரின் இரண்டு நுனியிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு நுனியை லைற்றில் செருகி, மறு நுனியைச் சும்மா தொங்கவிட்டால், அந்தக் கம்பியில் 120 வோல்ற் நிற்கிறது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமல்ல. எல்லாவற்றையும் கோர்த்து முடித்த பிறகுதான் பிளக்கைச் சுவரில் போட வேண்டும், கழற்றும்போது முதலில் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். கடைசி லைற்றின் திறந்த நுனிக்கு ஒரு மூடி தருவார்கள். அதை எறிந்துவிடாமல் பூட்டுங்கள். என்னுடையது தண்ணீர் படக்கூடிய வகையுமல்ல. அதனால் இலைக்குத் தண்ணீர் விசிறுவதை நான் லைற்றுக்குக் கீழே செய்வதில்லை. வயரையும் பிளக்குக்குக் கீழாக ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். நீர் வழிந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

முதல் குளிர்காலம் முடியும்போது ஒரு லைற் மினுங்கத் தொடங்கியது. விற்றவர்களுக்கு எழுதினால், முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மரத்தை இருட்டில் விட்டுவிட்டு எட்டையும் எப்படி அனுப்புவது? இழுபறிப்பட்டு, வீடியோ எடுத்து அனுப்பி, கடைசியில் ஒன்றுக்கு மட்டும் பணம் வந்தது. அந்த நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. துண்டு துண்டாகக் கழற்றலாம் என்று சொல்லி விற்கிற பொருளுக்குத் துண்டாகத்தான் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். ஆனால் பொருளின் அமைப்பு என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு லைற்றும் தனக்கென்று ஒரு மின்சுற்று வைத்திருக்கிறது, கரண்ட் அதன் வழியாக அடுத்ததற்கு நேரே போகிறது. ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும். பழுதானதை நடுவிலிருந்து எடுத்துவிட்டுக் கோர்த்தேன், ஐந்து நிமிட வேலை. பெரிய பலகை லைற்றில் மின்சுற்று போனால் அன்றைக்கே முழு மரமும் இருட்டில்தான்.

மார்ச் வந்ததும் இவற்றுக்கு இரண்டாவது வேலை. நாலைக் கழற்றி இறாக்கைத் தட்டின் கீழ்ப்பக்கத்தில் கொழுவி, அதன் கீழே மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுப் போடுவேன். நாற்றுக்கு நாலு விரல் உயரத்திலேயே லைற் நிற்கலாம். தள்ளி வைத்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டு, தண்டு நூலாகிச் சாய்ந்துவிடும். நாற்றுக்குப் பதினாலு மணிநேரம் கொடுக்கிறேன். மே கடைசியில் எல்லாம் தோட்டத்துக்குப் போய்விடும், லைற்றுகள் பெட்டிக்குள் போகும். வெற்றிலைக்கு வைத்த ஒன்று மட்டும் கழற்றப்படுவதில்லை. அதற்கு நிழல் பிடிக்கும் என்பதால் ஒரே ஒரு லைற்றில், முழங்கை தூரத்தில், ஆண்டு முழுக்க நல்ல பச்சையாக நிற்கிறது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். பெட்டியில் ஐந்நூறு வாட்டுக்குச் சமம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். உண்மையாக எத்தனை வாட் இழுக்கிறது என்பது சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதே சீட்டில் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் போன்ற, கனடாவில் ஏற்றுக்கொண்ட ஒரு மின்பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாததை எவ்வளவு மலிவு என்றாலும் இரவு முழுக்க வீட்டுக்குள் எரிய விடாதீர்கள். ஒரு பிளக்கில் ஆகக்கூடியது எத்தனை கோர்க்கலாம் என்பதும் அங்கேதான் இருக்கும்; என்னுடையதில் எட்டு. ஒன்பதாவது வேண்டுமென்றால் இன்னொரு பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். இணைப்பு வயர் பெட்டியோடு வருவது குட்டை, மேலிருந்து சுவருக்கு இறக்க எட்டாது. நீள வயரையும் சேர்த்தே வாங்கி, மரத்தை உள்ளே தூக்குவதற்கு முன், செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் பூட்டி எரித்துப் பார்த்துவிடுங்கள். இலை கொட்டத் தொடங்கிய பிறகு ஜனவரியில் லைற் வாங்கினால், மரம் மறுபடி துளிர்க்க ஏப்ரல் ஆகிவிடும்.