எலும்பு மஜ்ஜையா, முழங்கால் துண்டா? குருத்தெலும்பு வளர்க்க எந்த செல்?

ஆய்வுக்கூடத்தில் மனிதக் குருத்தெலும்பு வளர்ப்பதென்று முடிவானதும் முதல் கேள்வி, செல்லுக்கு எங்கே போவது என்பதுதான். நான் எலும்பு மஜ்ஜையில் தொடங்கி, பிறகு முழங்கால் மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுக்கும் துண்டுகளுக்கு மாறினேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இப்போது அதையே சொல்கிறேன்.

மஜ்ஜையின் கவர்ச்சி தெரிந்ததுதான். ஸ்டெம் செல்கள் அதில் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் பிளாஸ்கில் ஒட்டிக்கொண்டால் சளைக்காமல் பெருகும். கொழுப்பிலிருந்து எடுப்பது இன்னும் சுலபம். அதைக் குருத்தெலும்பாக்குவது இன்னும் கடினம்.

மஜ்ஜையின் சிக்கல் 21 நாள் கழித்துத்தான் தெரியும். செல்லைக் குருத்தெலும்பாக மாறத் தூண்டும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதம் கலந்த மீடியத்தில் (வளர்ப்புத் திரவம்) செல்களை உருண்டையாக்கி வளர்க்கிறோம். குருத்தெலும்பைச் சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின் சாயம் போட்டால் நன்றாகச் சிவக்கிறது. மூட்டுக் குருத்தெலும்பின் முக்கியப் புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனும் இருக்கிறது. அந்த மகிழ்ச்சியோடு பத்தாம் வகையைத் தேடினால் அதுவும் இருக்கிறது. மூட்டுப் பரப்புக்கான திசுவில் அது இருக்கவே கூடாது. கருவில் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. பிறகு அந்தச் செல்கள் பருத்து, பத்தாம் வகைக் கொலாஜனைச் சுரந்து, சுண்ணாம்பு படியவிட்டு எலும்புக்கு வழிவிடுகின்றன. மஜ்ஜை செல்களும் அந்தப் பாதையிலேயே நடக்கின்றன. இப்படி வளர்த்த உருண்டைகளைச் சுண்டெலியின் தோலடியில் வைத்தபோது சுண்ணாம்பு ஏறியதை 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழுவழுவென்று உராய வேண்டிய பரப்பில் சுண்ணாம்பு ஏறுமென்றால், மஜ்ஜையின் மற்ற வசதிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னை மாற்றியது இந்த ஒன்றுதான்.

மூட்டு மாற்றில் வெட்டும் துண்டுகளோ மஞ்சள் பையில் கழிவாகப் போகிறவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் வேண்டும். மற்றபடி அவருக்குக் கூடுதலாக ஓர் ஊசிகூடக் குத்த வேண்டாம். தேய்ந்த மூட்டில் நல்ல செல் ஏது என்று கேட்பார்கள். நம் ஊர் நோயாளிகள் பலருக்குக் கால் வில்லாக வளைந்து மூட்டின் உட்பக்கமே அதிகம் தேய்கிறது. வெளிப்பக்கத்தில் வெண்மையாக, பளபளப்பாகக் குருத்தெலும்பு மிஞ்சியிருக்கும்.

அதைச் சீவி, கொலாஜனைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியில் ஓர் இரவு ஊறவைத்தால் செல்கள் பிரிந்து வரும். ஆனால் கிடைப்பது சொற்பம், பெருக்கியாக வேண்டும். தட்டில் பெருக்கப் பெருக்க அவை நீண்டு, இரண்டாம் வகையை விட்டு நார்த்திசுவுக்குரிய முதல் வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். நோயாளியின் சொந்தச் செல்லைப் பெருக்கி முழங்காலில் திரும்ப வைத்த சிகிச்சையை 1994இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த முறைக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இதற்கும் வழி அதே துண்டில் இருக்கிறது. செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் பூசிய தட்டில் செல்களை 20 நிமிடம் விட்டு, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டால், மிஞ்சுபவை குருத்தெலும்பின் முன்னோடிச் செல்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு இவற்றை 2004இல் கன்றின் மூட்டில் காட்டியது. 2010இல் மனித மூட்டிலும் இருப்பது உறுதியானது. இவை நெடுநாள் பெருகியும் குணம் மாறுவது குறைவு, பருத்துச் சுண்ணாம்பு சேர்ப்பதும் குறைவு. வேலூர் சி.எம்.சி.யிலும் இவற்றை மஜ்ஜை செல்லோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் கொடையாளிக்குக் கொடையாளி விளைச்சல் வேறுபடுகிறது. ஒருவரின் துண்டை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.

மூக்கின் நடுத்தடுப்பிலுள்ள குருத்தெலும்புச் செல்லை நான் கையாண்டதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு அதில் வளர்த்த திசுவை 10 பேரின் முழங்காலில் வைத்து 2016இல் வெளியிட்டதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது. சிகிச்சைதான் இலக்கென்றால் அதையும் கட்டாயம் பாருங்கள். ஐ.பி.எஸ். செல்லில் (சாதாரண உடற்செல்லை மாற்றியமைத்து ஸ்டெம் செல்லாக்கியது) என் அனுபவம் சில வாரங்கள்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முழங்கால் துண்டு என்று முடிவெடுத்தால், அறுவைக்கு முதல் நாளே மருத்துவரிடம் பேசி, வெளிப்பக்கத் துண்டைத் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தால் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும்.