ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த வீட்டு மசகு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

குழலின் வாய்வழியாகக் கருமருந்தை இட்டு, துணியில் பொதிந்த ஈயக்குண்டை இடிகோலால் இறக்கிச் சுடும் ரைஃபிளுக்காக, ஆட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் உருக்கிச் செய்த மசகை மூன்று ஆண்டுகளாக இலக்குப் பயிற்சியில் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பு கடையில் வாங்கிய டப்பா மசகே என் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே துப்பாக்கியில், ஒரே அளவு மருந்தோடும் ஒரே நெசவுத் துணியோடும் பலமுறை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மிதமான தட்பவெப்பத்தில் வீட்டு மசகு கடை மசகைவிடத் தெளிவாக மேலானது. கடும் வெயிலில், விகிதத்தை மாற்றாமல் கொண்டுபோனால், அது கைவிட்டுவிடும்.

இந்த வகைத் துப்பாக்கிக்கு மசகு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கருமருந்தின் இயல்பே காரணம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் அமைந்த இந்த மருந்து எரிந்த பின், அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் மாறும் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய பள்ளங்களான புரிகளில் படிந்து, வறண்ட காற்றில் ஓடுபோல் இறுகிவிடும். நான்காவது, ஐந்தாவது குண்டை இறக்கும்போது இடிகோல் பாதியில் நின்றுபோவது இதனால்தான். அப்படி நின்ற குண்டு மருந்தின்மேல் போய் அமராமல் இடைவெளி விட்டிருந்தால், அந்த நிலையில் சுடுவது குழலையே சிதைக்கக்கூடும். கொழுப்பு அந்தப் படிவை இளக்கி வைக்கிறது. இயந்திரங்களுக்கான பெட்ரோலிய எண்ணெய்களோ பெரும்பாலும் கருமருந்தின் கசடோடு சேர்ந்து தார்போல் ஒட்டிக்கொள்கின்றன. நான் வாங்கிய டப்பாவில் எவ்வகை எண்ணெய் இருந்தது என்று மேலுறையில் குறிப்பிடவில்லை. ஆனால் அதைத் தடவிச் சுட்ட நாள்களில் குழலைத் துடைத்த துணியில் வந்த பிசுபிசுப்பான கறுப்புப் படலம் வீட்டு மசகில் ஒருபோதும் வந்ததில்லை.

இந்த மசகின் தரம் கொழுப்பை உருக்கும் அடுப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்புதான் இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் உடலின் மற்ற இடங்களில் உள்ள கொழுப்பைவிட அது உறைந்த பின் இறுக்கமாக நிற்கும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, தசையையும் சவ்வையும் இயன்ற மட்டும் நீக்கி, சிறிது தண்ணீரோடு மிகக் குறைந்த தீயில் வைக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை கொழுப்பு கருகாது. இரத்தமும் உப்புக்களும் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். சக்கை பொன்னிறமாகச் சுருங்கியதும் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மேலே வெண்மையான வட்டாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அந்த வட்டின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் படலத்தைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, புதுத் தண்ணீரில் மீண்டும் உருக்க வேண்டும். இதை நான் மூன்று முறை செய்கிறேன். முதல் ஆண்டில் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டதால், சில வாரங்களிலேயே மசகில் சிக்கு வாடை அடித்தது. சமையலில் மிஞ்சிய கொழுப்பைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதில் கலந்த உப்பு எஃகில் துருவை வரவழைக்கும், கருமருந்தின் கசடே ஈரத்தை உறிஞ்சித் துருவுக்கு வழிசெய்யும் பொருள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் எடைக்கணக்கில் மூன்று பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்க்கிறேன். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குவதே பாதுகாப்பானது. நேரடித் தீயில் வைத்த மெழுகும் கொழுப்பும் பற்றிக்கொள்ளக்கூடியவை. மருந்துக் குப்பி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. உருகிய கலவையில் பருத்தித் துணித்துண்டுகளைத் தோய்த்து, சூடு ஆறுமுன் பிழிந்து அடுக்கி வைக்கிறேன். துணி ஊறியிருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

மைதானத்தில் இதன் மதிப்பை அறிய, சுட்ட பின் குழலுக்கு முன்னே விழுந்துகிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வீட்டு மசகிட்ட துண்டுகளின் நடுவில் கரிய வட்டம் மட்டுமே இருந்தது. நெசவு முழுமையாக இருந்தது. டப்பா மசகிட்டவற்றில் பாதி, வட்டத்தின் விளிம்பில் கருகிக் கிழிந்திருந்தன. துணி எரிந்தால் குண்டு புரிகளைச் சரியாகப் பற்றாது, குறியும் தவறும். குண்டை இறக்குவதிலும் அந்த வேறுபாடு கையிலேயே தெரிகிறது: கடை மசகில் மூன்று குண்டுகளுக்கு ஒருமுறை குழலைத் துடைத்தேன், இதில் எட்டு, பத்து வரை போக முடிகிறது.

குறை வெயிலில்தான் வெளிப்படுகிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் உருகும். ஆட்டுக்கொழுப்பு அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். ஒரு கோடை நாளில் குண்டை இறக்கிய துப்பாக்கியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தபோது, இளகிய கொழுப்பு மருந்தில் ஊறி, பொறி விழுந்தும் மருந்து தாமதமாகவே பற்றியது. குழலின் வாயை இலக்கை நோக்கியே வைத்திருந்ததால் தீங்கு நேரவில்லை. பழைய படைக்கலத் துறையினருக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரிந்திருந்தது. அமெரிக்கப் படையின் 1861ஆம் ஆண்டுக் கையேடு, எட்டுப் பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு கொழுப்பு என்று விதித்தது, நாள்கணக்கில் பெட்டியில் கிடக்கும் தோட்டாவின் மசகு உருகி ஓடிவிடக் கூடாதல்லவா! எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதை பசு, பன்றிக் கொழுப்பு தடவியவை என்று பேசப்பட்ட என்ஃபீல்டு ரைஃபிள் தோட்டாக்களை முன்னிட்டு 1857இல் மூண்ட சிப்பாய் எழுச்சி காட்டியது. ஒருவருடைய மனம் ஏற்காத கொழுப்பை அவர் தொட வேண்டியதே இல்லை. கெட்டித்தன்மையும் உப்பின்மையும்தான் துப்பாக்கிக்கு வேண்டியவை.

இப்போது இரண்டு தகர டப்பாக்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பழைய விகிதம். மற்றொன்றில், கோடைக்காக, கொழுப்பும் மெழுகும் சமபங்கு. சமபங்குக் கலவை குளிர்காலையில் விறைத்துப்போய்த் துணியை மடிய விடாது என்பதால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் சமாளிக்க முடியவில்லை. இரண்டையும் இறுக மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, திறக்கும்போதெல்லாம் முதலில் முகர்ந்து பார்க்கிறேன். சிக்கு வாடை வந்த டப்பாவைத் துப்பாக்கியின் அருகே கொண்டுபோவதில்லை.